குலை தள்ளும் நாள்: வாழையில் மாதக் கணக்கு ஏன் பொய்க்கிறது?

காரைக்குடி, தேவகோட்டைப் பக்கம் கல்யாணம் என்றால் வாசலில் கட்டக் குலையோடு வாழை வேண்டும், பந்திக்குத் தலைவாழை இலை வேண்டும். இரண்டையும் ஒரே மரத்திலிருந்து எடுக்க நினைப்பதுதான் பெரிய தவறு.

ஏனென்றால் பூப்பதற்கான உத்தரவு இலையிலிருந்தே புறப்படுகிறது. எஃப்டி என்ற மரபணு இலையில் ஒரு புரதத்தை உண்டாக்கும். அது சாற்றோடு வளர்முனைக்குப் போய்ச் சேர்ந்ததும், அதுவரை இலைகளையே உருவாக்கிவந்த முனை பூவுக்கு மாறும். நெல்லில் இது நிரூபணமான வழி. கிராண்ட் நைன் வாழையின் பூக்கும் காலத்தை இந்த எஃப்டி குடும்பத்தின் குறைந்தது 3 மரபணுக்கள் நிர்வகிப்பதாக 2017இல் ஓர் ஆய்வு வெளிவந்தது. இளம் மரத்தில் விரியும் இலையையெல்லாம் அறுத்து விற்றால் உணவு தயாரிப்பும் குறையும், குலையும் தள்ளிப்போகும். பூவனில் ஒரு பகுதியை இலைக்கென்றே ஒதுக்கிவிடுங்கள். குலைக்கு விட்ட மரத்தில் காய்ந்த இலையையும் நோய் கண்ட இலையையும் மட்டும் நீக்குங்கள். குலை வெளிவரும்போது நல்ல இலை 8 ஆவது இருந்தால்தான் காய் திரளும்.

"நட்டுப் பத்து மாதம் ஆகிவிட்டது, இன்னும் தள்ளவில்லையே" என்ற கவலையை அடிக்கடி கேட்கிறேன். மாதத்தை விட்டுவிட்டு இலையை எண்ணிப் பாருங்கள். பெரும்பாலான ரகங்கள் 30 முதல் 40 இலை விட்ட பிறகே குலை தள்ளுகின்றன. வெயிலும் ஈரமும் சேர்ந்தால் வாரம் ஓர் இலைகூட வரும். கண்மாய் வற்றி, கிணறும் கீழே போய், நம் செம்மண் காய்ந்துவிட்டால் இலை வருவது நின்றுபோகும். பூக்கும் நாளும் அத்தோடு தள்ளிப்போகும். ரகத்துக்கு ரகம் வேறுபாடும் உண்டு. கிராண்ட் நைன் ஏறத்தாழ ஓராண்டில் அறுவடைக்கு வரும். கற்பூரவள்ளிக்கு 14 முதல் 16 மாதம் வேண்டும். பக்கத்துத் தோட்டத்துக் கிராண்ட் நைனைப் பார்த்துக் கற்பூரவள்ளியைக் குறை சொல்லாதீர்கள்.

குலை கண்ணில் பட்டதும் உரம் அள்ளிப் போடுவது வீண் செலவு. பூ வெளியே எட்டிப் பார்ப்பதற்கு இரண்டு, மூன்று மாதம் முன்பே, தண்டின் அடியில், கிழங்கின் உச்சியில் அது உருவாகிவிடுகிறது. எத்தனை சீப்பு என்பதும் அப்போதே முடிவாகிவிடும். தழைச்சத்தும் சாம்பல்சத்தும் 3, 5, 7ஆம் மாதங்களில் கொடுக்கச் சொல்வது இதனால்தான். அந்த மாதங்களில் தண்ணீரையும் விட்டுவிடக் கூடாது; என்னைக் கேட்டால் உரத்தைவிட அது முக்கியம்.

அன்னாசியை எத்ரல் (எத்திலீன் வாயுவை வெளிவிடும் மருந்து) தெளித்துப் பூக்க வைக்கிறார்கள், செவ்வந்தியை விளக்கொளியால் தள்ளிப்போடுகிறார்கள் என்று கேள்விப்பட்டு வாழையிலும் முயல வேண்டாம். வாழை பகல்நீளத்தைப் பார்த்துப் பூக்கும் பயிரல்ல. எத்ரல் காயைப் பழுக்க வைக்கும், மரத்தைப் பூக்க வைக்காது.

முந்தித் தள்ளிய ஒரு மரத்தின் கன்றை மட்டும் தேடி எடுப்பதும் பெரும்பாலும் பலன் தராது. ஒரே ரகத்துக் கன்றுகள் எல்லாம் தாய்மரத்தின் நகல்கள். அந்த மரத்துக்கு வாய்க்கால் பக்கத்து ஈரம் கிடைத்திருக்கலாம். அதைவிட, ஒன்றரை முதல் இரண்டு கிலோ எடையில் ஒரே அளவான ஈட்டிக் கன்றுகளாக (ஈட்டி போலக் குறுகிய இலையுள்ள கன்றுகள்) பொறுக்குங்கள். வைகாசி முகூர்த்தத்துக்குக் குலை வேண்டுமென்றால் எல்லாவற்றையும் ஒரே நாளில் நடாமல், மூன்று வார இடைவெளியில் மூன்று தவணையாக நடுங்கள். ஒரு தவணை முந்தினாலும் பிந்தினாலும் இன்னொன்று கைகொடுக்கும்.