பெரிய வளவுச் சருகைச் சின்ன ட்ராக்டரால் தீர்ப்பது எப்படி

ரொறன்ரோவுக்கு வெளியே ஒரு ஏக்கர், இரண்டு ஏக்கர் வளவோடு வீடு வாங்கிப் போகிற நம் ஆட்களுக்கு முதல் ஒக்டோபரில்தான் விஷயம் புரியும். கோடை முழுக்க நிழல் தந்த மேப்பிளும் ஓக்கும் மொத்தக் கணக்கையும் ஒரே மாதத்தில் தரையில் கொட்டிவிடும். வாரியும் கடதாசிப் பையும் கொண்டு அதைத் தீர்க்கலாம் என்று இறங்கினால் நாரி முறிவதுதான் மிச்சம். அதேநேரம், புல் வெட்டுவதற்கென்று வாங்கிய, ஏறி உட்கார்ந்து ஓட்டும் சின்ன ட்ராக்டர் கராஜில் சும்மா நிற்கும்.

சருகை அள்ளுவது கடைசி வேலை. முதலில் விழுந்த இடத்திலேயே நொறுக்குங்கள். பெரும்பாலான இடத்தில் அதற்கு மேல் ஒன்றும் செய்யத் தேவையே இருக்காது. மிச்சிகன் மாநிலப் பல்கலைக்கழகத்தின் புல்தரை ஆய்வாளர்கள் 1990களிலிருந்து இதைச் சோதித்து வருகிறார்கள்: ஆறு அங்குலம் வரை கிடக்கும் சருகையும் பொடியாக்கிப் புல்லுக்குள் இறக்கிவிட்டால் புல்லுக்குக் கெடுதல் இல்லை, அது மண்ணுக்குத்தான் போய்ச் சேரும். மேப்பிள் சருகைப் பொடியாக்கிப் போட்ட தரையில் டான்டிலையன் என்ற மஞ்சள் பூக் களை குறைந்ததையும் அங்கே பார்த்திருக்கிறார்கள். ஓக் இலை மண்ணைப் புளிப்பாக்கிவிடும் என்று பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதைப் பெரிதாக எடுக்காதீர்கள், மக்கி முடியும்போது அந்தப் புளிப்பு போய்விடும். ஆனால் முழு இலையாக அப்படியே பனிக்குள் விட்டால் கதை வேறு. நனைந்து ஒன்றோடொன்று ஒட்டிப் பாயாகப் படிந்து, அடியில் புல் மூச்சுமுட்டி, ஏப்ரலில் பார்த்தால் வட்டவட்டமாகச் செத்துக் கிடக்கும்.

எல்லா இலையும் விழட்டும், ஒரேயடியாகச் செய்யலாம் என்று காத்திருக்க வேண்டாம். மேப்பிள் ஒக்டோபரிலேயே கொட்டித் தீர்க்கும். ஓக் அப்படியில்லை, நவம்பர் முழுக்கக் கொஞ்சம் கொஞ்சமாக விடும், சில ஓக் மரம் காய்ந்த இலையைப் பிடித்துக்கொண்டே பனிக்காலத்தையும் கடத்தும். அதனால் கிழமைக்கு ஒரு தடவை, ட்ராக்டரில் ஏறி ஒரு சுற்று. சருகு காய்ந்திருக்க வேண்டும், அதுதான் முக்கியம். காலைப் பனி உலர்ந்து, காலால் மிதித்தால் நொறுங்குகிற சத்தம் கேட்டால் ஆரம்பிக்கலாம். ஈரச் சருகு பிளேடில் வெட்டுப்படாது, பிளேடை மூடியிருக்கும் தகரக் கூடான டெக்கின் அடியில் களியாக அப்பிக்கொள்ளும், சருகு வெளியேறும் வாயை அடைத்துவிடும்.

ஏறுவதற்கு முன் வளவை ஒருமுறை நடந்து பாருங்கள். சருகுக்கு அடியில் தண்ணீர்க் குழாய், நாய்க் கயிறு, பிள்ளைகள் விட்ட பந்து, போன காற்றில் முறிந்த கொப்பு எல்லாம் ஒளிந்திருக்கும். பிளேடு கூர்மையாக இருக்கட்டும், கோடை முழுக்க மண்ணும் கல்லும் அடித்த பிளேடு இலையை வெட்டாது, கிழித்துத் தள்ளிவிடும். டெக்கை மூன்று அங்குலத்துக்குக் குறையாமல் உயர்த்தி வையுங்கள். வேகத்தில்தான் பலர் தலைகீழாகச் செய்கிறார்கள்: எஞ்சினை முழு வேகத்தில் விட வேண்டும், ட்ராக்டரை மெதுவாக நடத்த வேண்டும். பிளேடு வேகமாகச் சுற்றினால்தான் இலை மேலே எழும்பி இரண்டு மூன்று தடவை வெட்டுப்படும்.

இனி ஓட்டும் முறை. பெரும்பாலான சின்ன ட்ராக்டர்களில் டெக்கின் வாய் வலப்பக்கம் இருக்கும். வளவின் வெளி ஓரத்தில் தொடங்கி, கடிகாரம் சுற்றுகிற திசையில் உள்நோக்கிச் சுற்றினால் ஒவ்வொரு சுற்றிலும் சருகு நடுவை நோக்கி எறியப்படும். எறிந்ததையே அடுத்த சுற்றில் திரும்ப வெட்டுவீர்கள், வெளிப்பக்கம் சுத்தமாகிக்கொண்டே வரும். வேலி, பூப்பாத்தி, கார் பாதை எதன் மேலும் குப்பை போகாது. வளவு பெரிதென்றால் முழுவதையும் ஒரே வட்டமாக எடுக்காமல் நான்கைந்து துண்டாகப் பிரித்துக்கொள்ளுங்கள், இல்லாவிட்டால் நடுவுக்கு வரும்போது ட்ராக்டருக்குத் தாங்காத அளவு சேர்ந்துவிடும். பின்பக்கம் காடாக இருந்தால் இதற்கு எதிர்த்திசை: நடுவில் தொடங்கி, கடிகாரத்துக்கு எதிராக வெளிநோக்கிச் சுற்றி, சருகைக் காட்டோரத்துக்கே தள்ளிவிடலாம்.

டெக்கின் வாயை அடைத்துச் சருகை உள்ளேயே திரும்பத் திரும்ப வெட்டவைக்கும் மல்ச்சிங் மூடி உள்ளவர்கள் அதை எடுத்தவுடன் மாட்ட வேண்டாம். தடிப்பாகக் கிடக்கிற இடத்தில் முதல் சுற்றை வாய் திறந்தபடி ஓட்டுங்கள், இரண்டாம் சுற்றில் மூடியை மாட்டி குறுக்காகப் போங்கள். எஞ்சின் சத்தம் தணிந்து முனகத் தொடங்கினால் அதிகமாகத் தின்னக் கொடுக்கிறீர்கள் என்று பொருள், அரை அகலம் மட்டும் எடுங்கள். முடிந்ததும் இறங்கிக் குனிந்து பாருங்கள். துண்டுகள் பெருவிரல் நகத்தளவுக்கு வந்து, இடையில் புல் நுனி பச்சையாகத் தெரிந்தால் சரி, வீட்டுக்குப் போகலாம். புல்லே தெரியாமல் பழுப்பாக மூடியிருந்தால் அந்த இடத்தில் மட்டும் அள்ள வேண்டும்.

அள்ளுவதற்கு ட்ராக்டரின் பின்னால் இழுக்கும் ஸ்வீப்பர் நல்லது. எஞ்சின் கிடையாது, சக்கரம் உருளும்போது பிரஷ் சுற்றிச் சருகைத் துணித்தொட்டிக்குள் வீசும், இருக்கையில் இருந்தபடியே கயிற்றை இழுத்துக் கொட்டலாம். பிரஷ் புல்லின் மேல் நுனிக்குள் அரை அங்குலம் இறங்கினால் போதும். தரையைத் தேய்க்கிற மாதிரி இறக்கினால் பிரஷ்தான் தேயும். பிடித்துக்கொள்ளும் பை வைத்த ட்ராக்டரும் வேலை செய்யும், ஆனால் முழுச் சருகுக்கு அந்தப் பை நிமிடக் கணக்கில் நிரம்பும், அதனால் முதலில் நொறுக்கிவிட்டு அப்புறம் பை. காசு கொடுத்து எதுவும் வாங்க விருப்பமில்லையா, பெரிய தறப்பாள் ஒன்று போதும். நடுவில் சேர்ந்த குவியலை அதில் தள்ளி, நான்கு மூலையையும் கட்டி, ட்ராக்டரின் பின் கொக்கியில் கொளுவி மெதுவாக இழுத்துப் போங்கள். பின்னால் மாட்டும் இரும்பு வாரி வைத்திருப்பவர்கள் அதைப் புல்தரையில் இறக்காதீர்கள், சருகோடு புல்லும் வேரும் வந்துவிடும். அது கல்லும் மண்ணும் இழுக்கிற சாமான்.

ஆபத்தான பகுதிக்கு வருவோம். காய்ந்த சருகுத் தூள் எஞ்சினைச் சுற்றியும் சைலன்சர் மேலும் சேரும், சூடேறினால் தீப்பிடிக்கும். இடையிடையே நிறுத்தி, ஆறவிட்டு, கையுறையோடு தட்டிவிடுங்கள், காற்று உள்ளே போகிற வலையையும் துடையுங்கள். ஓட்டி முடித்த சூட்டோடு கராஜுக்குள் விடவே கூடாது. வாய் அடைத்துக்கொண்டால் பிளேடை நிறுத்தி, எஞ்சினை அணைத்து, சாவியைக் கையில் எடுத்து, பிளேடு முழுதாக நின்றபின் ஒரு தடியால் குத்தி எடுங்கள், கை உள்ளே போகக் கூடாது. சரிவில் இந்தச் சின்ன ட்ராக்டர்களைக் குறுக்காக ஓட்டாமல் மேலும் கீழுமாக ஓட்ட வேண்டும், 15 பாகைக்கு மேல் சரிந்த இடத்தைக் கைவாரிக்கு விட்டுவிடுங்கள். பின்பக்கப் பை நிறைந்திருக்கும்போது மேடேறினால் முன்சக்கரம் லேசாகிவிடும், ஸ்டியரிங் கேட்காது. பிள்ளையை மடியில் வைத்து ஒரு சுற்று ஓட்டிக் காட்டுகிற பாசம் வேறெங்காவது இருக்கட்டும்.

உண்ணியையும் மறக்காதீர்கள். லைம் நோய் பரப்பும் கருங்கால் உண்ணி தெற்கு ஒன்ராறியோவில் பரவிவிட்டது, ரொறன்ரோவின் கிழக்கே ரூஜ் பள்ளத்தாக்கிலும் உண்டு, சருகும் காட்டோரமும்தான் அதன் வீடு. குளிர் வந்துவிட்டது என்று நம்ப வேண்டாம், 4 பாகை செல்சியசுக்கு மேல் இருந்தால் அது நடமாடும். நீளக் காற்சட்டையைக் காலுறைக்குள் செருகிக்கொண்டு வேலை செய்யுங்கள், முடிந்ததும் முழங்காலின் பின்பக்கம், இடுப்பு, கழுத்து எல்லாம் பாருங்கள். புல்தரைக்கும் காட்டுக்கும் இடையில் மூன்றடி அகலத்துக்கு மரச்சீவல் போட்டு வைத்தால் உண்ணி இந்தப் பக்கம் வருவது குறையும்.

அள்ளிய சருகை எங்கே போடுவது? தெருவில் தள்ளாதீர்கள், மழைநீர் வாய்க்காலை அடைக்கும். எரிப்பதற்கும் பல இடங்களில் தடை அல்லது அனுமதிச் சீட்டு. நொறுக்கிய சருகைக் கடைசிப் புல் வெட்டோடு கலந்து குவித்தால் நல்ல பசளை, சருகு மட்டும் என்றால் கரி அதிகம், மக்க நெடுநாள் எடுக்கும், பச்சைப் புல்லின் நைட்ரஜன் அதை விரைவாக மக்கவைக்கும். ஒக்டோபரில் உள்ளி நடுகிறவர்களுக்கு இது பொன், பாத்தியை நான்கைந்து அங்குலத்துக்கு மூடிவிடுங்கள். மரத்தடியிலும் பூப்பாத்தியிலும் கொஞ்சத்தை நொறுக்காமலே விட்டால் மின்மினிப் புழுக்களும் அந்துப்பூச்சிக் கூடுகளும் பனிக்காலத்தைக் கடக்கும். ஒன்று மட்டும்: கறுப்பு வால்நட் மரம் இருந்தால் அதன் இலையைத் தனியாக நன்றாக மக்கவிட வேண்டும், அதில் உள்ள ஜுக்லோன் என்ற நச்சுப் பொருள் தக்காளி, கத்தரி, மிளகாய் மூன்றையும் வாட்டும். நம் வீட்டுத் தோட்டத்தில் வேறென்ன இருக்கிறது!

கடைசிச் சுற்று முடிந்ததும் டெக்கின் அடியில் அப்பியதைச் சுரண்டிக் காயவிடுங்கள், வசந்தம் வரை ஈரத்தோடு கிடந்தால் தகரம் துருப்பிடிக்கும். பெற்றோல் கெட்டுப்போகாமல் காக்கும் ஸ்டெபிலைசரை அதில் ஊற்றி, அது கார்புரேட்டர் வரை போகும்படி ஐந்து பத்து நிமிடம் எஞ்சினை ஓடவிட்டு அணையுங்கள். பற்றரியைக் கழற்றி உள்ளே வைத்துவிடலாம். பிளேடையும் இப்போதே கழற்றித் தீட்டக் கொடுத்துவிடுங்கள், ஏப்ரலில் கொண்டுபோனால் கடைக்காரர் இரண்டு கிழமை கழித்து வா என்பார்.