மதுரை வெயிலில் ரங்கூன் மல்லி: எந்த மாதம் என்ன வேலை

ஹனிசக்கிள் கொடி வளர்ப்பது எப்படி என்று இணையத்தில் தேடினால், பெரும்பாலும் பனி கொட்டும் ஊர்க்காரர்கள் எழுதிய குறிப்புகள்தான் கிடைக்கும். குளிர் விட்டதும் வெட்டு, வசந்தத்தில் உரம் போடு என்பார்கள். மதுரையில் மார்கழி, தை இரவிலேயே வெப்பம் 20 டிகிரியை ஒட்டித்தான் நிற்கிறது. இங்கே கொடிக்கு வேலை பார்ப்பது மழையையும் வெயிலையும் வைத்துத்தான்.

முதலில் செடியைப் பார்த்து வாங்குங்கள். ரங்கூன் மல்லிக்கும் 'சைனீஸ் ஹனிசக்கிள்' என்று ஒரு பெயர் உண்டு என்பதால், ஒன்றைக் கேட்டால் மற்றொன்று கைக்கு வரலாம். பூவை வைத்துக் கண்டுபிடிப்பது சுலபம். ஹனிசக்கிள் பூ இரண்டு உதடாகப் பிளந்து, ஜோடி ஜோடியாக இருக்கும். வெள்ளையாகப் பூத்து மஞ்சளாக மாறும். ரங்கூன் மல்லிக்கு நீளமான காம்புபோன்ற குழல், நுனியில் ஐந்து இதழ். சாயங்காலம் வெள்ளையாக விரியும், மறுநாள் ரோஸ், அதற்கடுத்து நல்ல சிவப்பு. ஒரே கொத்தில் மூன்று நிறமும் தொங்கும். மதுரைக்கு என் ஓட்டு ரங்கூன் மல்லிக்குத்தான். சித்திரை வெயிலைத் தாங்குவதோடு நிற்காமல், அதில் பூக்கவும் செய்யும்.

நடுவது: புரட்டாசி

ஐப்பசி மழைக்கு முன்னால் வேர் பிடித்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. ஒன்றரை அடி நீள, அகல, ஆழத்தில் குழி எடுங்கள். தோண்டிய மண்ணோடு மக்கிய தொழுவுரம் இரண்டு சட்டி, வேப்பம் பிண்ணாக்கு இரண்டு கைப்பிடி கலந்து மூடுங்கள். மேலூர்ப் பக்கத்துச் செம்மண்ணில் இதுவே போதும். திருமங்கலம் பக்கத்துக் கரிசல் என்றால் மழையில் தண்ணீர் கட்டி நிற்கும். அங்கே மணலும் கலந்து, செடியைத் தரையிலிருந்து கொஞ்சம் மேடாக நடுங்கள். ஆறு மணி நேரமாவது வெயில் விழும் இடம் வேண்டும். மாடியில் வளர்ப்பவர்கள் சின்னத் தொட்டியில் வைத்து ஏமாற வேண்டாம். பெரிய டிரம்மைப் பாதியாக வெட்டி, அடியில் நாலைந்து ஓட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

பந்தலுக்கு இரும்புக் குழாய்தான் சரி. கட்டுக்கம்பியும் சவுக்குக் கம்பும் முதல் வருஷம் தாங்கும். கொடி தடித்து, மழையில் நனைந்து, காற்றும் சேர்ந்தால் மொத்தமாகச் சாய்ந்துவிடும்.

வெட்டுவது: தை

புதிதாக வருகிறவர்கள் தயங்குவது இந்த வேலையில்தான். பச்சையாக இருக்கிற கொடியை வெட்ட மனசு வராது. ஆனால் ரங்கூன் மல்லி புதுக் கிளையில்தான் பூக்கும். பழைய கிளையை அப்படியே விட்டால் பூவெல்லாம் பக்கத்து வீட்டு மாடி உயரத்துக்குப் போய்விடும், கீழே வெறும் குச்சிதான் மிஞ்சும்.

பொங்கல் முடிந்து மண் ஈரம் குறைந்ததும் ஆரம்பியுங்கள். முழுக்கைச் சட்டையும் கனமான கையுறையும் போட்டுக்கொள்வது நல்லது. இந்தக் கொடியில் இலை உதிர்ந்த பிறகு காம்பின் அடிப்பகுதி மட்டும் கிளையிலேயே நின்று காய்ந்து, வளைந்த முள்ளாகிவிடும். அதைப் பிடித்துக்கொண்டுதான் கொடி ஏறுகிறது. உங்கள் கையையும் அப்படியே பிடிக்கும். காய்ந்த கிளை, உள்ளே சிக்கிக் கிடக்கும் மெல்லிய கிளை இரண்டையும் அடியோடு எடுங்கள். மூன்று நான்கு தடித்த கொடிகளை மட்டும் வைத்துக்கொண்டு, அவற்றின் பக்கக் கிளைகளை இரண்டு மூன்று கணு விட்டு வெட்டுங்கள். கணுவுக்குச் சற்று மேலே, சாய்வாக வெட்ட வேண்டும். தூரைச் சுற்றி மண்ணிலிருந்து கிளம்பும் குருத்துகளையும் தோண்டி எடுங்கள். நாலு பேருக்குக் கன்று கொடுக்க வேண்டுமென்றால் ஒன்றிரண்டை வேரோடு பெயர்த்து வைத்துக்கொள்ளலாம். நட்ட முதல் தையில் இதெல்லாம் வேண்டாம், கொடி ஏறட்டும்.

வெட்டிய பத்து நாளில் தொழுவுரமும் ஒரு கைப்பிடி எலும்புத்தூளும் போட்டு, மண்ணைக் கிளறித் தண்ணீர் விடுங்கள். கடலைப் பிண்ணாக்குக் கரைசலை வாராவாரம் ஊற்றினால் இலைதான் செழிக்கும், பூ வராது. மாதம் ஒருமுறை, அதுவும் நன்றாக நீர்த்து விட்டால் போதும்.

பங்குனி முதல் ஆடி வரை

தண்ணீர்தான் வேலை. நிலத்தில் இருந்தால் நாலு நாளைக்கு ஒருமுறை ஆழமாக விடுங்கள். தொட்டிக்குத் தினமும் காலை எட்டு மணிக்குள். அக்னி நட்சத்திர நாட்களில் தொட்டியை மாலையிலும் ஒருமுறை பாருங்கள். தூரில் தென்னை மட்டையோ காய்ந்த இலையோ பரப்பினால் ஈரம் நிற்கும்.

இளம் இலையில் நரம்பு மட்டும் பச்சையாக இருந்து, நடுவெல்லாம் மஞ்சளாக வெளுத்தால் பெரும்பாலும் இரும்புச்சத்துக் குறைவு. உப்பு அதிகமான போர் தண்ணீர் ஊற்றும் வீடுகளில் இது சகஜம். உரக்கடையில் அன்னபேதி கேளுங்கள். லிட்டருக்கு 5 கிராம் கரைத்து, வெயில் தாழ்ந்ததும் இலையில் தெளியுங்கள். சுவரிலும் தரையிலும் பட்டால் துருக்கறை போகாது, பார்த்துத் தெளியுங்கள். மாவுப்பூச்சி வந்தால் லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெய், கரைவதற்குக் கொஞ்சம் சோப்புக் கரைசல்.

ஆடிக் காற்றுக்கு முன்னால் ஆடும் கிளைகளைப் பந்தலோடு தளர்வாகக் கட்டுங்கள். பூத்து முடிந்த கொத்துகளை அப்போதே நறுக்கிவிட்டால் அடுத்த பூ சீக்கிரம் வரும்.

ஐப்பசி, கார்த்திகை

உரமும் வேண்டாம், தண்ணீரும் வேண்டாம். தொட்டிக்கு அடியில் இருக்கும் தட்டை எடுத்துவிடுங்கள். வேர் அழுகாது, கொசுவும் முட்டையிடாது.

நிஜ ஹனிசக்கிள்தான் வேண்டும் என்பவர்களுக்கு

மதுரையில் ஜப்பான் ஹனிசக்கிளை வளர்க்கலாம். காலை வெயில் மட்டும் படும் கிழக்குச் சுவர் ஓரம் வையுங்கள், வேர்ப் பகுதி எப்போதும் நிழலில் குளுமையாக இருக்கட்டும். கோடையில் பூ குறைந்தால் பதறி உரம் கொட்ட வேண்டாம். கொடைக்கானலில், கிட்டத்தட்ட 2,100 மீட்டர் உயரத்தில் இதே செடிக்கு நாள்முழுக்க வெயில் கொடுக்கலாம். அங்கே தையில் கத்தரி எடுக்காதீர்கள். உறைபனி அடித்தால் புதுத் தளிர் கருகிவிடும், மாசிக் கடைசி வரை பொறுங்கள். ஜப்பான் வகை புதுக் கிளையில் பூப்பதால் அப்போது வெட்டினாலும் நஷ்டமில்லை. ஐரோப்பிய வகை என்றால் போன வருஷத்துக் கிளையில்தான் பூக்கும், அதைப் பூ முடிந்த பிறகுதான் வெட்ட வேண்டும். இரண்டிலும் பழம் பிடிக்கும். தின்னக்கூடாது, குழந்தைகள் இருக்கிற வீட்டில் பழுக்கும் முன்பே கிள்ளிப் போட்டுவிடுங்கள்.