கோடைக்குப் பயிற்சிக்கு வரும் மாணவர்களை ஊருக்கு அறிமுகம் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஏப்ரல் கடைசியில் பருவத் தேர்வுகள் முடிந்ததும் தொண்டு நிறுவனங்களுக்குக் கல்லூரிகளிலிருந்து போன் வர ஆரம்பித்துவிடும். முன்பெல்லாம் பெரும்பாலும் சமூகப்பணி படிக்கிறவர்கள்தான் வருவார்கள். களப்பணி அவர்களுக்குப் பாடத்திலேயே இருக்கிறது, ஒரு கிராமத்துக்குள் எப்படிப் போவது என்று ஓரளவு தெரிந்திருக்கும். இப்போது பி.காம்., கணினி அறிவியல், பொறியியல் என்று எல்லாப் பக்கத்திலிருந்தும் இன்டர்ன்ஷிப் கேட்டு வருகிறார்கள். வரட்டும், நல்லதுதான். ஆனால் இவர்களுக்கு என்ன வேலை கொடுப்பது என்று இரண்டு நாள் உட்கார்ந்து யோசிக்கிற நிறுவனங்கள், இவர்களை எப்படி அறிமுகம் செய்வது என்று இரண்டு நிமிஷம்கூட யோசிப்பதில்லை. வண்டியில் ஏற்றிக்கொண்டு போய் ஊர் நடுவில் இறக்கிவிட்டு, வாய்க்கு வந்ததைச் சொல்லிவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள்.

விழுப்புரம், திருவண்ணாமலைப் பக்கத்தில்தான் எனக்கு வேலை. புதிதாக ஒருங்கிணைப்பாளர் பொறுப்புக்கு வருகிறவர்கள், நாங்கள் ஒரு காலத்தில் செய்த அதே கோளாறுகளை ஒவ்வொரு மே மாதமும் தவறாமல் செய்கிறார்கள். அதனால்தான் இதை எழுதுகிறேன். தண்ணீர் பாட்டில், தொப்பி, அடையாள அட்டை போன்ற விஷயங்களை விட்டுவிடுகிறேன். அவை எல்லோருக்கும் தெரியும்.

பொன்னாடை, ஃபிளெக்ஸ்

வேண்டாம். இது மாப்பிள்ளை அழைப்பு இல்லை.

இல்லாத பதவியைக் கொடுத்து அறிமுகம் செய்வது

மற்ற எதையும் படிக்காவிட்டாலும் இதை மட்டும் படித்துவிடுங்கள். இன்றைக்கும் எனக்கு எரிச்சல் தருகிற தவறு இதுதான்.

மாணவர்கள் வந்து சேரும் நேரத்தில் மே 1 கிராம சபை வரும். மக்கள் மொத்தமாகக் கூடுவார்கள், அங்கேயே அறிமுகம் செய்துவிட்டால் வீடு வீடாக அலைய வேண்டாம் என்று தோன்றும். வசதிதான். ஆனால் கிராம சபையில் யார் நாற்காலியில் உட்காருவார்கள், யார் தரையில் உட்காருவார்கள் என்று பாருங்கள். தலைவர், ஊராட்சிச் செயலர், கூட்டத்தைக் கவனிக்க ஒன்றிய அலுவலகத்திலிருந்து வந்த பற்றாளர், இவர்கள் வரிசையில் இரண்டு நாற்காலி போட்டு நம் மாணவர்களை உட்கார வைத்துவிடுவார்கள். சென்னைப் பிள்ளைகள், கழுத்தில் அடையாள அட்டை, கையில் ஃபைல். எதிரில் இருப்பவர்கள் வேறு என்ன நினைப்பார்கள்?

2023 கோடையில் எங்களுக்குப் பக்கத்து ஒன்றியத்தில் வேலை செய்த ஒரு நிறுவனத்தில் நடந்ததைச் சொல்கிறேன். அந்த மார்ச் மாத பட்ஜெட்டில்தான் மகளிர் உரிமைத்தொகை செப்டம்பர் 15-இல் தொடங்கும் என்று அறிவித்திருந்தார்கள். மாதம் ஆயிரம் ரூபாய். யாருக்கு உண்டு, யாருக்கு இல்லை என்ற விதிமுறை ஜூலையில்தான் வந்தது. நடுவில் இருந்த மே, ஜூன் முழுக்க ஊர்களில் ஒரே பேச்சு. நகை இருந்தால் கிடையாதாம், மாடி வீடு இருந்தால் கிடையாதாம் என்று ஆளுக்கு ஒன்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். அந்த நேரத்தில் ஒருவர் கையில் படிவம் வைத்துக்கொண்டு தெருவில் நடந்தாலே ஆயிரம் ரூபாய்க்குக் கணக்கெடுக்க வந்தவர் என்றுதான் அர்த்தம்.

அப்படிப்பட்ட நேரத்தில் அந்த நிறுவனத்தின் திட்ட மேலாளர் கிராம சபையில் மைக்கைப் பிடித்துச் சொன்னது இது: “இவங்க சென்னையிலிருந்து வந்திருக்கிற மேடம். ஒவ்வொரு வீடா வந்து கணக்கெடுப்பாங்க. உங்க குறை எதுவா இருந்தாலும் தயங்காம இவங்ககிட்ட சொல்லுங்க.” அந்த மேடத்துக்கு வயது இருபது. வணிகவியல் இரண்டாம் ஆண்டு முடித்திருந்தாள். வீட்டுச் செலவுகள் பற்றி ஒரு எளிய கணக்கெடுப்பு, அவ்வளவுதான் அவளுடைய வேலை.

மறுநாள் காலை அவள் தங்கியிருந்த வீட்டுத் திண்ணையில் ஆட்கள். ஆதார் ஜெராக்ஸ், ரேஷன் கார்டு ஜெராக்ஸ், வங்கிப் புத்தகத்தின் முதல் பக்கம், பாஸ்போர்ட் சைஸ் போட்டோ. ஒரு ஆயா மஞ்சப்பையிலிருந்து பிளாஸ்டிக் உறையை எடுத்து, அதற்குள் நான்காக மடித்திருந்த ஒரு மனு நகலைப் பிரித்து நீட்டியிருக்கிறார். முதியோர் உதவித்தொகைக்கு எப்போதோ போட்ட மனு. மடிப்பில் எழுத்து அழிந்துபோயிருந்தது. அந்தப் பெண்ணுக்கு இல்லை என்று சொல்ல மனசு வரவில்லை. “கேட்டுப் பார்க்கிறேன் பாட்டி” என்று வாங்கி ஃபைலில் வைத்துக்கொண்டாள். அவளைக் குறை சொல்ல மாட்டேன். இருபது வயதில் யாராக இருந்தாலும் அப்படித்தான் செய்வார்கள்.

கணக்கெடுப்பு என்ன ஆனது தெரியுமா? டிராக்டர் நிற்கிற வீட்டிலும் “கூலிதான்மா” என்று பதில். நகைக்கடன் இல்லை, நிலம் இல்லை, மகன் வெளிநாட்டில் இல்லை. எல்லாம் இல்லை. ஆறு வாரம் வெயிலில் அலைந்து நிரப்பிய படிவங்களில் ஒன்றைக்கூட நம்ப முடியாது. பொய் சொன்னார்கள் என்று மக்களைத் திட்டிப் பிரயோஜனமில்லை. அரசாங்கத்துக்கு என்ன பதில் சொல்வார்களோ அதைத்தான் சொன்னார்கள். அறிமுகத்திலேயே அவளை அரசாங்கம் ஆக்கிவிட்டோமே!

இதைவிடப் பெரிய நஷ்டம் அப்புறம்தான். ஜூன் கடைசியில் அவள் ஊருக்குப் போய்விட்டாள். மனுக்கள் ஃபைலோடு அலுவலக அலமாரிக்குப் போயின. அந்த ஊரில் வருஷக்கணக்காகச் சுய உதவிக் குழுக் கூட்டம் நடத்தி, வங்கிக்கு அழைத்துப்போய், பிரசவத்துக்கு ஆட்டோ பிடித்துக் கொடுத்துப் பேர் வாங்கியிருந்த களப்பணியாளர் ஒரு அக்கா இருந்தார். “அந்த மேடம் என்ன சொன்னாங்க? எங்க பேப்பர் என்னாச்சு?” என்று எல்லோரும் கேட்டது அவரிடம்தான். அந்த ஆகஸ்டில் முதியோர் உதவித்தொகையை 1,200 ரூபாயாக உயர்த்தினார்கள். செய்தியைக் கேட்டதும் ஆயா மறுபடி வந்து நின்றார். “மேடம்கிட்ட குடுத்தேனே, நீ நடுவுல நிறுத்திட்டியா?” என்று கேட்டாராம். அக்கா என்னிடம் இதைச் சொன்னபோது கோபம்கூட இல்லை, அலுத்துப்போயிருந்தார். இன்டர்ன் இரண்டு மாதத்தில் போய்விடுவார், அறிமுகம் செய்த மேலாளர் அடுத்த திட்டத்துக்கு மாறிவிடுவார். அந்த ஊரில் கடைசிவரை இருக்கப்போகிறவர் மாதச் சம்பளம் குறைவாக வாங்கும் அந்தக் களப்பணியாளர் ஒருவர்தான். நாம் மைக்கில் விட்ட வார்த்தைக்கு அவர் கணக்கில்தான் பற்று விழுகிறது.

சரி, எப்படிச் சொல்வது? யார், எதுவரை, எதற்கு, என்ன முடியாது. இந்த நான்கும் இருந்தால் போதும். சொல்ல வேண்டியவர் இயக்குநரோ மேலாளரோ இல்லை, களப்பணியாளர்தான். இப்படி: “இது காலேஜ்ல படிக்கிற புள்ள. ஜூன் கடைசி வரைக்கும் என்கூட இருக்கும். நம்ம குழு எப்படி நடக்குதுன்னு நம்மகிட்ட கத்துக்க வந்திருக்கு. மனு, கார்டு, ஜெராக்ஸ் எதையும் இதுகிட்ட குடுக்காதீங்க, இதுக்கும் ஆயிரம் ரூபாய்க்கும் சம்பந்தம் இல்ல. எதுவா இருந்தாலும் எப்பவும் போல என்கிட்டயே சொல்லுங்க.” கடைசி இரண்டு வாக்கியங்களைத்தான் எல்லோரும் விட்டுவிடுகிறார்கள். முகத்தில் அடித்த மாதிரி இருக்குமோ என்று கூச்சம். கூச்சப்படாதீர்கள். ஊர்க்காரர்களுக்கு இதைக் கேட்டால் வருத்தம் எதுவும் வராது. “அப்படியாம்மா, சாப்பிட்டியா?” என்று அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள். அந்தப் பெண்ணும் மேடம் ஆகாமல் பிள்ளையாகவே இருந்து, உண்மையான பதில்களைக் கேட்டு வருவாள்.

அதையும் மீறி யாராவது காகிதத்தை நீட்டினால் என்ன செய்வது என்று மாணவருக்கு முன்பே சொல்லி வையுங்கள். வாங்கக் கூடாது. இ-சேவை மையம் எங்கே இருக்கிறது, தாலுகா அலுவலகத்தில் சமூகப் பாதுகாப்புத் திட்டத் தாசில்தாரைப் பார்க்க வேண்டும் என்று வழி சொல்லலாம், களப்பணியாளரிடம் அழைத்துப்போகலாம். அதற்கு மேல் வேண்டாம்.

முதலில் எந்தத் தெரு?

இதை யாரும் எழுதி வைப்பதில்லை. ஆனால் ஊர் கவனித்துக்கொண்டே இருக்கும். முதல் நாள் வண்டி ஊர்த்தெருவில் முக்கியஸ்தர் வீட்டு வாசலில் நின்று, அங்கே காபி குடித்து, அவர் மகனோடு சேர்ந்து தலித் மக்கள் குடியிருக்கும் காலனிக்கு நடந்துபோனால், காலனிக்காரர்களுக்கு நீங்கள் ‘அவங்க வீட்டு ஆளுங்க’. கூலி எவ்வளவு, கடன் யாரிடம் வாங்கினீர்கள் என்ற கேள்விக்கு அப்புறம் பதில் கிடைக்குமா? அந்தக் கடனைக் கொடுத்தவரே அந்த முக்கியஸ்தராக இருக்கலாம். நம் வேலை யாரோடு அதிகமோ அவர்கள் தெருவிலிருந்து தொடங்குங்கள். அங்கே கொடுக்கிற தண்ணீரை வாங்கிக் குடிக்கச் சொல்லுங்கள். “இல்லக்கா, பாட்டில் இருக்கு” என்று மாணவர் சுகாதாரம் நினைத்துச் சொல்வார், கேட்கிறவருக்கு அது வேறு மாதிரி கேட்கும். வயிறு பற்றிப் பயம் என்றால் டீ கேட்டு வாங்கிக்கொள்ளலாம், கொதிக்க வைத்ததுதானே.

“நீங்க என்ன ஆளுங்க?” என்ற கேள்வியும் முதல் வாரத்திலேயே வந்துவிடும். நேராகக் கேட்காமல் அப்பா பெயர், சொந்த ஊர், குலசாமி என்று சுற்றி வருவார்கள். இதற்கு மாணவரை முன்கூட்டியே தயார் செய்யாமல் அனுப்புவது அநியாயம். பதில் சொல்வதும் சொல்லாததும் அவர் விருப்பம் என்று சொல்லுங்கள். பேச்சை மாற்றும் வேலையைப் பக்கத்தில் இருக்கும் களப்பணியாளர் பார்த்துக்கொள்ள வேண்டும். ஒடுக்கப்பட்ட சாதியிலிருந்து வரும் மாணவருக்கு இந்த ஒரு கேள்வி முழுக் கோடையையும் கெடுத்துவிடக்கூடும்.

காலை பதினொரு மணிக் கூட்டம்

நூறு நாள் வேலைக்குப் போனவர்கள் ஏரிக்கரையில் இருப்பார்கள். கத்திரி வெயில் வேறு. சாயங்காலம் ஆறரைக்கு மேல் வையுங்கள்.

கடிதம் இல்லாமல் கூட்டிப்போவது

“நம்ம டீச்சர்தான், ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்று அங்கன்வாடிக்குள் நேரே அழைத்துப்போவார்கள். அந்தப் பணியாளர் ஒன்றும் சொல்ல மாட்டார்தான். மேலிடத்திலிருந்து ஆய்வுக்கு யாராவது வந்து “இது யார்?” என்று கேட்டால் விளக்கக் கடிதம் எழுதப்போவதும் அவர்தான். அங்கன்வாடி என்றால் வட்டாரத்தின் குழந்தைகள் வளர்ச்சித் திட்ட அலுவலர், பள்ளி என்றால் கல்வித் துறை அலுவலர், ஆரம்ப சுகாதார நிலையம் என்றால் சுகாதாரத் துறை அலுவலர். கல்லூரிக் கடிதத்தையும் நம் கடிதத்தையும் சேர்த்து இவர்களிடம் முன்பே கொடுத்து, நகலில் முத்திரை வாங்கிவிடுங்கள். மாணவர் வந்த பிறகு தொடங்கினால் பாதிக் கோடை கையெழுத்துக்கு அலைவதிலேயே போய்விடும்.

வாட்ஸ்அப் குழுவில் மாணவியின் எண்ணோடு அறிமுகச் செய்தி

போடாதீர்கள். போட்ட அன்றே ராத்திரி ‘ஹாய்’ வரும்.

குழந்தைகள் இல்லத்தில் ‘புது அக்கா’

இல்லத்துப் பிள்ளைகளிடம் “உங்களுக்குப் புது அக்கா வந்திருக்காங்க” என்று அறிமுகம் செய்வது பெரியவர்களுக்கு இனிப்பாக இருக்கும். ஏற்கெனவே ஒருவரோ பலரோ விட்டுவிட்டுப் போன பிள்ளைகள் அவர்கள். வந்த அக்காக்கள் எல்லோரும் போய்விடுவார்கள் என்று அவர்களுக்கு நம்மைவிட நன்றாகவே தெரியும். பெயரைச் சொல்லும்போதே போகும் தேதியையும் சொல்லுங்கள். சுவரில் காலண்டர் இருந்தால் அந்தத் தேதியை அவர்களே வட்டம் போடட்டும். “அடிக்கடி வருவேன்” என்று கடைசி நாளில் கண்ணீரோடு சொல்வதற்கு முதல் நாளே தடை போடுங்கள்.

போட்டோ விஷயத்தில் கெஞ்சல் கிடையாது. பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையின் அடையாளத்தை வெளியிடுவது 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டம் 74-ஆவது பிரிவின்படி குற்றம். ஆறு மாதம் வரை சிறை, இரண்டு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். “ஸ்டேட்டஸ்தானே, இருபத்து நாலு மணி நேரத்துல போயிடும்” என்று ஒரு மாணவர் எங்களிடமே வாதாடினார். போகாது.

மாணவரைப் பற்றி ஊருக்குச் சொல்லிவிட்டு, நிறுவனத்தைப் பற்றி மாணவருக்குச் சொல்லாமல் விடுவது

ஆண்டறிக்கையைக் கையில் கொடுத்து, நிறுவனர் வரலாற்றை ஒன்றரை மணி நேரம் காட்டுவதைச் சொல்லவில்லை. அதை அவர்கள் தூங்காமல் கேட்டாலே பெரிய விஷயம். ஓட்டுநர் யார், சமையல் யார், கணக்காளர் யார், ராத்திரி எட்டு மணிக்கு ஏதாவது என்றால் யாரைக் கூப்பிட வேண்டும் என்பதைச் சொல்லுங்கள்.

முக்கியமாக ஒன்று. பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தில் ‘பணியாளர்’ என்பதற்குள் பயிற்சிக்கு வருபவரும் அடக்கம், ஊதியம் இல்லாமல் வேலை செய்பவரும் அடக்கம். பத்துப் பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில் இந்தப் புகார்களை விசாரிக்கும் உள்ளகக் குழு கட்டாயம். உங்கள் நிறுவனம் அதைவிடச் சிறியது என்றால் மாவட்ட அளவில் இருக்கும் உள்ளூர்க் குழுவில் புகார் கொடுக்கலாம். குழு இருக்கிறது என்று சுவரில் ஒட்டிய தாளைக் காட்டினால் போதாது. அதன் தலைவரை நேரில் அழைத்து, “இவங்கதான்” என்று முகம் காட்டி அறிமுகம் செய்யுங்கள். இரண்டு மாதத்துக்கு வந்த பெண், பெயர் மட்டும் தெரிந்த ஒருவரிடம் போய் எதையும் சொல்ல மாட்டாள்.

சான்றிதழ்

எத்தனை மணி நேரம், எந்தத் தலைப்பு, யார் கையெழுத்து என்று முதல் நாளே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள். ஜூலையில் கல்லூரித் துறைத்தலைவர் போன் செய்யும்போது கையெழுத்துப் போட வேண்டியவர் ஊரில் இருக்க மாட்டார்.