பிடிக்க வேண்டியது எழும் நேரத்தை: தூக்கத்தைச் சீராக்கப் படிப்படியான வழி

தூக்கம் சரியில்லை என்று சொல்கிறவர்களில் பலர் முதலில் செய்வது, வழக்கத்தைவிட ஒரு மணி நேரம் முன்னதாகவே விளக்கை அணைத்துப் படுத்துக்கொள்வதுதான். நானும் பல ஆண்டுகள் அதையே செய்தேன். பத்து மணிக்குப் படுத்து, பன்னிரண்டு வரை புரண்டு, விடிந்த பிறகும் எழ மனமில்லாமல் கிடந்துவிட்டு, மறுநாள் இன்னும் முன்னதாகப் படுத்தேன். தூக்கமோ இன்னும் தள்ளிப் போயிற்று. தூக்கத்தைப் பற்றி நான் உறுதியாக நம்பியிருந்த சில கருத்துகளே என்னைத் தூங்கவிடாமல் செய்தன என்பது பிறகுதான் புரிந்தது. தூங்கும் நேரம் நம் விருப்பத்துக்குக் கட்டுப்படாது. எழும் நேரம் கட்டுப்படும். கீழே சொல்லியிருக்கும் படிகள் எல்லாம் அந்த ஒன்றைப் பற்றிக்கொண்டு போகிறவை.

ஒவ்வொரு படியிலும் விட வேண்டிய தவறான நம்பிக்கையையும் சேர்த்துச் சொல்கிறேன். நம்பிக்கை மாறாமல் பழக்கத்தை மட்டும் மாற்றினால், அந்த மாற்றம் நான்கு நாள்கூடத் தாங்காது. மொத்தம் மூன்று வாரங்கள் ஒதுக்கிக்கொள்ளுங்கள். இரவுப் பணி செய்பவர்களுக்கும் கைக்குழந்தையைப் பார்த்துக்கொள்பவர்களுக்கும் இந்த வரிசை அப்படியே பொருந்தாது.

முதல் படி: ஒரு வாரம் எதையும் மாற்றாமல் எழுதுங்கள்

ஒரு நோட்டுப் புத்தகம் போதும். காலையில் எழுந்ததும் ஐந்து விவரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: படுத்த நேரம், தூக்கம் வந்ததாகத் தோன்றும் நேரம், இடையில் விழித்திருந்த மொத்த நேரம், கடைசியாகக் கண் விழித்த நேரம், படுக்கையை விட்டு எழுந்த நேரம். மாலையில், பகலில் தூங்கினீர்களா, காபியோ தேநீரோ எப்போது குடித்தீர்கள், பகல் பொழுது சுறுசுறுப்பாக இருந்ததா என்பதை ஓரிரு வரிகளில் சேர்த்துவிடுங்கள். இரவில் கடிகாரத்தைப் பார்த்து எழுத வேண்டாம். உத்தேசக் கணக்கே போதுமானது. கையில் அணியும் கருவிகள் உடலின் அசைவையும் நாடித் துடிப்பையும் வைத்தே தூக்கத்தை ஊகிக்கின்றன. மொத்த நேரத்தை அவை ஓரளவு சரியாகச் சொன்னாலும், ஆழ்ந்த தூக்கம் இவ்வளவு, கனவுத் தூக்கம் இவ்வளவு என்று அவை பிரித்துக் காட்டும் கணக்கை நம்பிக் கவலைப்பட வேண்டியதில்லை.

இந்த வாரத்தில் விட வேண்டிய நம்பிக்கை, ‘எனக்கு ஐந்து மணி நேரமே போதும், உடல் பழகிவிட்டது’ என்பது. வளர்ந்தவர்கள் இரவுக்கு 7 மணி நேரமோ அதற்கு மேலோ தூங்க வேண்டும் என்று அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2015இல் பரிந்துரைத்தது. பதின்பருவத்தினருக்கு 8 முதல் 10 மணி நேரம் தேவை. வயதானால் தூக்கம் எளிதில் கலையும், ஆழம் குறையும். ஆனால் தூக்கத்தின் தேவை பெரிதாகக் குறைந்துவிடுவதில்லை.

உடல் பழகிவிடும் என்பதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். பென்சில்வேனியா பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2003இல் வெளியிட்ட ஆய்வில், உடல்நலமுள்ளவர்களைத் தொடர்ந்து 14 நாள்கள் இரவுக்கு 4, 6 அல்லது 8 மணி நேரம் மட்டும் படுக்கையில் இருக்கச் செய்தார்கள். 4 மணி, 6 மணிப் பிரிவினரின் கவனமும் நினைவாற்றலும் நாளுக்கு நாள் சரிந்து, ஓரிரு இரவுகள் முழுக்க விழித்திருந்தவர்களின் நிலைக்கு வந்தன. அவர்களுக்கோ அது தெரியவே இல்லை. தூக்கக் கலக்கம் சற்றே இருப்பதாக மட்டும் சொன்னார்கள். நமக்குப் பழகிப்போவது குறைந்த தூக்கம் அன்று, குறைந்த விழிப்புணர்வுதான். ஆகவே, ‘நன்றாகத்தான் இருக்கிறேன்’ என்ற நம் சொந்தச் சாட்சியத்தை இந்த விஷயத்தில் நம்ப முடியாது. பின்னாளில் பார்ப்பதற்குத்தான் அந்த நோட்டு.

இரண்டாம் படி: எழும் நேரத்தை நிலைநிறுத்துங்கள்

வேலை நாளோ விடுமுறை நாளோ, உங்களால் தவறாமல் எழ முடிகிற ஒரு நேரத்தை முடிவுசெய்யுங்கள். அது ஐந்து மணியாகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. ஏழு மணி என்றாலும் நன்று. தூக்கம் எப்போது வந்திருந்தாலும், எத்தனை முறை கலைந்திருந்தாலும், அந்த நேரத்தில் எழுந்துவிட வேண்டும். எல்லாப் படிகளிலும் கடினமானது இதுதான்.

இதன் காரணம் தெரிந்தால் மனம் ஒப்பும். தூக்கத்தை இரண்டு சக்திகள் நடத்துகின்றன. ஒன்று, விழித்திருக்கும் நேரம் நீள நீள மூளையில் சேர்ந்துகொண்டே போகும் தூக்க அழுத்தம். அடினோசின் என்னும் பொருளுக்கு இதில் முக்கியப் பங்கு உண்டு. காலையில் எழுந்த கணத்திலிருந்துதான் இந்தக் கணக்கு தொடங்குகிறது என்பதால், ஒன்பது மணிக்கு எழுந்தவருக்கு இரவு பத்து மணிக்குப் போதிய அழுத்தம் சேர்ந்திருக்காது. மற்றொன்று, மூளையின் அடிப்பகுதியில் ஒரு சிறு நரம்புக் கொத்தாக இருக்கும் உயிரியல் கடிகாரம். உடல் வெப்பம், இரவு வந்துவிட்டதை உடலுக்கு உணர்த்தும் மெலடோனின் என்னும் இயக்குநீரின் சுரப்பு, பசி, விழிப்பு எல்லாவற்றுக்கும் அது நேரம் குறித்துக் கொடுக்கிறது.

அந்தக் கடிகாரத்தின் பிடிவாதத்தை முதலில் சோதித்தவர்களுள் ஒருவர் தூக்க ஆய்வாளர் நத்தானியல் கிளெய்ட்மன். 1938இல் அவர் தம் மாணவர் புரூஸ் ரிச்சர்ட்சனுடன் அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்திலுள்ள மாமத் குகைக்குள் 32 நாள்கள் தங்கி, ஒரு நாளை 28 மணி நேரமாக நீட்டி வாழ்ந்து பார்த்தார். சூரிய ஒளியே எட்டாத அந்த இருட்டில் இளைஞரான ரிச்சர்ட்சனின் உடல் புதிய கணக்குக்கு ஏறத்தாழப் பழகியது. கிளெய்ட்மனின் உடல் வெப்பமோ கடைசிவரை 24 மணி நேரச் சுற்றை விடவே இல்லை. நம் உடற்கடிகாரத்தின் சராசரிச் சுற்று 24 மணி நேரத்தைவிடச் சில நிமிடங்கள் கூடுதல் என்று பிற்கால ஆய்வுகள் துல்லியமாக அளந்தன. எனவே, திருத்தாமல் விட்டால் அது நாள்தோறும் சற்றுப் பின்தங்கிக்கொண்டே போகும். தினமும் அதைத் திருத்தி வைப்பது காலை வெளிச்சம். எழுந்த ஒரு மணி நேரத்துக்குள் 20 அல்லது 30 நிமிடம் வெளியில் நில்லுங்கள், அல்லது நடங்கள். லக்ஸ் என்னும் ஒளி அலகில் சொன்னால், வீட்டு விளக்கொளி பெரும்பாலும் சில நூறு லக்ஸைத் தாண்டாது. மேகமூட்டமான பகல் ஒளிகூட ஆயிரக்கணக்கான லக்ஸ் இருக்கும்.

இங்கே விட வேண்டிய நம்பிக்கை, வாரம் முழுக்க இழந்த தூக்கத்தை ஞாயிற்றுக்கிழமை ஈடுகட்டிவிடலாம் என்பது. அன்று பத்து மணிவரை தூங்கினால் சோர்வு ஓரளவு தீரும், உண்மைதான். ஆனால், மூன்று மணி நேர வித்தியாசமுள்ள மேற்கு நாடு ஒன்றுக்குப் பயணம் செய்ததைப் போல உடற்கடிகாரம் குழம்பிவிடும்; அன்றிரவு தூக்கம் வராமல் திங்கட்கிழமை கெடும். கூடுதல் தூக்கம் வேண்டுமென்றால், எழும் நேரத்தை மாற்றாமல், உண்மையாகவே கண் செருகும் நாளில் முன்னதாகப் படுங்கள்.

மூன்றாம் படி: தூக்கம் வந்தபின் படுங்கள்; வராவிட்டால் எழுந்துவிடுங்கள்

களைப்பு வேறு, தூக்கம் வேறு. களைப்பு என்பது உடல் ஓய்வு கேட்பது. தூக்கம் என்பது இமை கனப்பது, படித்த வரியையே திரும்பப் படிப்பது, தலை சாய்வது. இரண்டாவது வந்த பிறகுதான் படுக்கைக்குப் போக வேண்டும். படுத்து ஏறத்தாழ 20 நிமிடங்கள் ஆகியும் தூக்கம் வரவில்லை என்று தோன்றினால், எழுந்து வேறு இடத்தில் மங்கலான வெளிச்சத்தில் அமர்ந்து, ஆர்வத்தைத் தூண்டாத ஏதேனும் ஒன்றைச் செய்யுங்கள்: துணிகளை மடிக்கலாம், ஏற்கெனவே படித்த புத்தகத்தைப் புரட்டலாம். தூக்கம் வந்ததும் திரும்பிப் படுங்கள். மறுபடி வராவிட்டால் மறுபடி எழுங்கள். படுக்கையில் அமர்ந்து வேலை செய்வது, செல்போன் பார்ப்பது, நாளைய கணக்குகளைப் போடுவது எல்லாவற்றையும் நிறுத்துங்கள்.

‘தூங்காவிட்டாலும் கண்ணை மூடிப் படுத்திருந்தால் உடலுக்கு ஓய்வுதானே’ என்று அன்போடு சொல்லப்படும் அறிவுரைதான் எனக்கு அதிகத் தீங்கு செய்தது. விழித்தபடி கிடக்கும்போது மூளை தூக்கத்தின் வேலைகளைச் செய்வதில்லை. அதைவிட முக்கியமாக, படுக்கை என்றாலே விழிப்பும் கவலையும் என்று மனம் பழகிக்கொள்கிறது. நாற்காலியில் தூங்கி வழிபவர் படுக்கையில் தலை வைத்ததும் தெளிவாக விழித்துக்கொள்வது இந்தப் பழக்கத்தினால்தான். இந்தத் தொடர்பை உடைக்கும் முறையை 1972இல் வகுத்துத் தந்தவர் உளவியலாளர் ரிச்சர்ட் பூட்சின். இன்றும் தூக்கமின்மைக்கான சிகிச்சையின் அடிப்படைகளில் அது ஒன்று. முதல் நான்கைந்து இரவுகள் தூக்கம் முன்பைவிடக் குறையலாம். அது தோல்வியின் அடையாளம் அன்று. குறைந்த தூக்கம் மறுநாளின் அழுத்தத்தைக் கூட்டி, நமக்கே உதவுகிறது. ஆனால் அந்த நாள்களில் நீண்ட தூரம் வண்டி ஓட்டாதீர்கள்.

நான்காம் படி: பகலைத் திருத்துங்கள்

காபியில் உள்ள கஃபீன் தூக்க அழுத்தத்தைக் குறைப்பதில்லை. அடினோசின் சென்று பொருந்த வேண்டிய இடங்களை மறித்து, அழுத்தம் நமக்குத் தெரியாதபடி செய்கிறது. உடலில் அதன் அளவு பாதியாகக் குறையப் பலருக்கும் ஐந்து மணி நேரம் ஆகும். மாலை ஐந்து மணிக்குக் குடித்ததில் பாதி இரவு பத்து மணிக்கும் உள்ளே இருக்கிறது என்று பொருள். ‘காபி குடித்தாலும் எனக்குத் தூக்கம் வந்துவிடும்’ என்பவருக்கும் தூக்கத்தின் ஆழம் குறையக்கூடும். கடைசிக் கோப்பையை மதியத்தோடு நிறுத்திப் பத்து நாள்கள் பாருங்கள். தேநீருக்கும் இதே விதி.

பகல் தூக்கம் தவறன்று. மூன்று மணிக்கு முன்பாக, 20 நிமிடம் மட்டும் என்று வைத்துக்கொள்ளுங்கள். இரவில் தூக்கம் வராதவர்கள் இந்த மூன்று வாரங்களுக்கு அதையும் தவிர்ப்பது நல்லது. மாலையில் உடற்பயிற்சி செய்தால் தூக்கம் கெடும் என்பது பெரும்பாலோருக்கு உண்மையில்லை. படுப்பதற்கு முந்தைய ஒரு மணி நேரத்தில் மூச்சு வாங்கும் கடும் பயிற்சியை மட்டும் தவிர்த்தால் போதும்.

ஐந்தாம் படி: இரவின் கடைசி ஒரு மணி நேரம்

விளக்குகளைக் குறையுங்கள்; செல்போனை வேறு அறையில் வையுங்கள். திரையின் நீல ஒளி மெலடோனின் சுரப்பைத் தள்ளிப்போடும் என்பது உண்மைதான் என்றாலும், திரையில் வரும் செய்தியும் வாக்குவாதமும் மனத்தைக் கிளறிவிடுவது அதைவிடக் குறைந்த தீங்கன்று என்பது என் கருத்து. அறை சற்றுக் குளிர்ச்சியாக இருக்கட்டும். தூங்குவதற்காக உடலின் உள்வெப்பம் இறங்கத் தொடங்கும்; படுப்பதற்கு ஒன்றிரண்டு மணி நேரம் முன்பு வெந்நீரில் குளித்தால் கைகால்களுக்கு ரத்தம் பாய்ந்து அந்த வெப்பம் எளிதில் வெளியேறுகிறது.

மது நல்ல தூக்கம் தரும் என்ற நம்பிக்கையைத் தயங்காமல் விட்டுவிடுங்கள். அது விரைவில் மயங்க வைக்கும். ஆனால் இரவின் முதல் பாதியில் கனவுத் தூக்கத்தை அடக்கி, இரண்டாம் பாதியில் தூக்கத்தைத் துண்டு துண்டாக்கி, தொண்டைத் தசைகளைத் தளர்த்திக் குறட்டையையும் கூட்டுகிறது.

ஆறாம் படி: நடு இரவு விழிப்பைக் கண்டு அஞ்சாதீர்கள்

நல்ல தூக்கம் என்றால் ஒரே மூச்சாகக் காலைவரை நீள வேண்டும் என்று நினைப்பவர்கள், மூன்று மணிக்குக் கண் விழித்ததுமே இரவு கெட்டுவிட்டதாக முடிவுகட்டிவிடுகிறார்கள். தூக்கம் ஏறத்தாழ 90 நிமிடச் சுற்றுகளாக, இரவுக்கு நான்கைந்து முறை ஏறி இறங்குகிறது. சுற்றுகளின் விளிம்பில் சில நொடிகள் விழிப்பது எல்லாருக்கும் இயல்பு. பெரும்பாலான விழிப்புகள் காலையில் நினைவிலேயே இருப்பதில்லை. ஆழ்ந்த தூக்கம் முதல் மூன்றில் ஒரு பங்கு நேரத்திலேயே அதிகம் கிடைத்துவிடுகிறது, பின்னிரவில் கனவுத் தூக்கம் மிகுதியாகிறது. ஆகவே, விழித்தவுடன் மணி பார்க்காமலிருக்கக் கடிகாரத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வையுங்கள். தூக்கம் திரும்பாவிட்டால் மூன்றாம் படியில் சொன்னதையே செய்யுங்கள்.

ஏழாம் படி: நோட்டை எடுத்துக் கணக்குப் பாருங்கள்

மூன்றாம் வார இறுதியில், தூங்கிய நேரத்தைப் படுக்கையில் இருந்த நேரத்தால் வகுத்துப் பாருங்கள். 8 மணி நேரம் படுத்து 6 மணி நேரம் தூங்கியிருந்தால் அது 75 விழுக்காடு. 85 விழுக்காட்டை ஒட்டியோ அதற்கு மேலோ வந்தால், பகலும் தெளிவாக இருந்தால், இப்படியே தொடருங்கள். குறைவாக இருந்தால் எழும் நேரத்தைத் தொடாமல், படுக்கும் நேரத்தை அரை மணி நேரம் தள்ளி வையுங்கள். விழுக்காடு உயர்ந்த பிறகு வாரத்துக்கு 15 நிமிடமாக முன்னே கொண்டுவாருங்கள். படுக்கையில் இருக்கும் நேரத்தை ஆறு மணி நேரத்துக்குக் கீழே நீங்களாகக் குறைக்காதீர்கள். வலிப்பு நோயோ இருமுனை மனநோயோ உள்ளவர்கள் இந்தக் குறைப்பை மருத்துவர் சொல்லாமல் செய்யவே கூடாது.

சில அறிகுறிகளுக்கு இந்தப் படிகள் மருந்தாகா. உரத்த குறட்டை ஆழ்ந்த உறக்கத்தின் அடையாளம் என்று வீட்டில் சொல்லிச் சிரிக்கிறோம். இடையில் மூச்சு நின்று, திணறலோடு மீண்டும் தொடங்குவதை அருகில் படுப்பவர் கவனித்திருந்தால், அது தூக்கத்தில் மூச்சுத்தடையாக இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் ரத்த அழுத்தமும் இதயமும் பாதிக்கப்படும், சிகிச்சையோ உண்டு. இரவில் கால்களை அசைக்காமல் இருக்க முடியாத தவிப்பு, வண்டி ஓட்டும்போதே கண் அயர்தல், வாரத்தில் மூன்று இரவுகளுக்குக் குறையாமல் மூன்று மாதங்களாகத் தூக்கமின்மை ஆகியவையும் மருத்துவரிடம் போக வேண்டியவை. தூக்க மாத்திரையை ஏற்கெனவே நாள்தோறும் எடுப்பவர்கள் அதைத் திடீரென நிறுத்த வேண்டாம். படிப்படியாகக் குறைப்பதற்கும் மருத்துவரின் துணை வேண்டும். நாள்பட்ட தூக்கமின்மைக்கு மாத்திரைக்கு முன்பாகப் பழக்கத்தையும் எண்ணத்தையும் மாற்றும் சிகிச்சையையே தர வேண்டும் என்று அமெரிக்க மருத்துவர் கல்லூரி என்னும் மருத்துவர் அமைப்பு 2016இல் பரிந்துரைத்திருப்பதால், அந்தச் சிகிச்சை கிடைக்குமா என்று தயங்காமல் கேளுங்கள். போகும்போது அந்த நோட்டை எடுத்துச் செல்லுங்கள்; ‘எத்தனை மணிக்குப் படுக்கிறீர்கள், எத்தனை முறை விழிக்கிறீர்கள்’ என்று மருத்துவர் கேட்கும் முதல் பத்துக் கேள்விகளுக்கும் விடை அதில் இருக்கும்.