சித்திரைத் திருவிழாவுக்கு ஒரு டொமைன்: பெயர் எடுப்பது முதல் வருமானம் வரை

பண்டிகைப் பெயரில் டொமைன் (இணையதள முகவரிப் பெயர்) வாங்கிப் போட்டால் யாராவது லட்சக்கணக்கில் கேட்டு வருவார்கள் என்று நம்பி இறங்காதீர்கள். வெறும் பெயர் பெரும்பாலும் விலை போகாது. வருஷா வருஷம் புதுப்பிக்கும் கட்டணம்தான் கையைக் கடிக்கும். அந்தப் பெயரை உள்ளூர்க் கடையோடு சேர்த்தால்தான் பணம்.

படி 1: என்ன வாங்குகிறார்கள்?

'தீபாவளி', 'பொங்கல்' போன்ற ஒற்றைச் சொற்களை எப்போதோ எடுத்துவிட்டார்கள். திருவிழாவுக்காக மக்கள் எதைத் தேடி அலைகிறார்கள் என்று பாருங்கள். மதுரையில் அழகர் ஆற்றில் இறங்கும்போது தண்ணீர் பீய்ச்ச நேர்ந்துகொண்டவர்களுக்கு உருமா (தலைப்பாகை), சல்லடம் (அரைக்கால் உடை), தோப்பறை (தண்ணீர் பீய்ச்சும் தோல் பை) எல்லாம் வேண்டும். மீனாட்சியம்மன் கோயில் எதிரே புதுமண்டபத்தில் இருந்த தையல் கடைகள் இடம் மாறியதில் வெளியூர்க்காரர்கள் பலருக்கு எங்கே போவதென்று தெரிவதில்லை. 'மதுரை அழகர் உடை' மாதிரி ஒரு பெயருக்கு இங்கே வேலை இருக்கிறது.

படி 2: பெயர்

வருஷத்தைச் சேர்க்காதீர்கள். 2026 என்று முடிகிற பெயர் அடுத்த சித்திரைக்கு உதவாது. போனில் ஒருமுறை சொன்னால் எதிராளி பிழையில்லாமல் தட்ட வேண்டும். கோயில் பெயரைத் தொடவே வேண்டாம். கோயிலின் சொந்தத் தளம் என்று நம்பி யாராவது காணிக்கை அனுப்பினால் அது பாவம். டிரேட்மார்க் உள்ள கடைப் பெயரும் ஆகாது. உரிமையாளர் புகார் கொடுத்தால் டாட் காமை யூடிஆர்பி முறையிலும், டாட் இன்னை ஐஎன்டிஆர்பி முறையிலும் (இரண்டும் டொமைன் தகராறுகளைத் தீர்க்கும் முறைகள்) பறித்துக்கொள்ள முடியும்.

படி 3: வாங்குதல்

டாட் காம், டாட் இன் இரண்டில் ஒன்று போதும். முதல் வருட விலை மலிவாக இருக்கும். இரண்டாம் வருட விலையைப் பார்த்துவிட்டுப் பணம் கட்டுங்கள்.

படி 4: பக்கம்

இதில்தான் ஆரம்பிப்பவர்கள் பலர் கோட்டை விடுகிறார்கள். எந்தச் சொல்லை எப்போது அதிகம் தேடுகிறார்கள் என்று காட்டும் கூகுள் டிரெண்ட்ஸில் 'கள்ளழகர்' என்று போட்டுப் பாருங்கள், எந்த மாதம் கோடு ஏறுகிறது என்று தெரியும். புதுத் தளம் தேடலில் மேலே வர மாதக்கணக்கில் ஆகலாம். அதனால் ஐப்பசி, கார்த்திகையிலேயே பக்கத்தைப் போட்டுவிடுங்கள். உடையின் படம், குழந்தை அளவு, பெரியவர் அளவு, விலை, தைக்க எத்தனை நாள், கடையின் வாட்ஸ்அப் எண், அந்த வருடச் சித்ரா பௌர்ணமித் தேதி. இவ்வளவு போதும். பௌர்ணமி ஏப்ரலிலும் வரும், மே மாதத்திலும் வரும். தேதியை வருடம்தோறும் மாற்றுங்கள்.

படி 5: பணம்

கடைக்காரரிடம் ஆர்டருக்கு இவ்வளவு என்று கமிஷன் பேசலாம். ஆனால் திருவிழா நெரிசலில் எந்தக் கடைக்காரருக்கும் கணக்கு எழுத நேரம் இருக்காது. பக்கத்துக்குச் சீசனுக்கு ஒரு வாடகை பேசி, பாதியை முன்பணமாக வாங்குவதே நல்லது.

அப்புறம், பெயரையே யாராவது விலைக்குக் கேட்டால் எஸ்க்ரோ (விற்பனை முடியும்வரை பணத்தை நடுவில் வைத்திருக்கும் சேவை) வழியாக மட்டும் விற்றுக்கொள்ளுங்கள். டாட் காம் என்றால் பதிவு செய்த முதல் 60 நாள் பொதுவாக வேறு ரெஜிஸ்ட்ராருக்கு (டொமைனைப் பதிவு செய்து தரும் நிறுவனத்துக்கு) மாற்ற விடமாட்டார்கள், அதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். பணம் எஸ்க்ரோவில் விழுந்தது உறுதியான பிறகு டொமைனை மாற்றிக்கொள்ள உதவும் குறியீட்டைக் கொடுங்கள்.