மோட்டார்ஹோமில் காஸ் சிலிண்டரோடு நாடு தாண்டுகிறீர்களா?

ஐரோப்பாவில் இருக்கிற சொந்தக்காரரோடு மோட்டார்ஹோமில், அதாவது படுக்கையும் அடுப்பும் உள்ள வீட்டு வண்டியில், சுற்றப்போகிற மட்டக்களப்பு ஆட்களுக்கு ஒரு விஷயம். இங்கே வெறும் சிலிண்டரைக் கடையில் கொடுத்து நிறைந்ததைத் தூக்கிவருவது போல அங்கே எல்லை தாண்டினால் நடக்காது; நாட்டுக்கு நாடு சிலிண்டரின் வாயும் ரெகுலேட்டரும் வேறு, பிரிட்டனில் எடுத்த கேலர் கம்பனிச் சிலிண்டரைப் பிரான்சில் மாற்றித் தரமாட்டார்கள். அதனால் நிறைந்த சிலிண்டரோடு கிளம்புங்கள், இல்லையென்றால் பல நாடுகளில் கிடைக்கிற கேம்பிங்காஸ் என்ற நீல நிறச் சிலிண்டரை எடுங்கள், விலைதான் கொஞ்சம் கூட.

சிலிண்டரில் வருகிற காஸ் புரொப்பேன், பியூட்டேன் என்று இரண்டு வகை; குளிர்காலம் என்றால் புரொப்பேன் கேளுங்கள். பியூட்டேன் 0 பாகையை நெருங்கும்போதே சரியாக ஆவியாகாது, அடுப்பு சோர்ந்துவிடும். கல்லடி வெக்கையில் சமைத்துப் பழகிய நமக்கு இது யோசனையிலேயே வராது.

அப்புறம், வண்டி ஓடும்போது வால்வை மூடி, சிலிண்டரை நிமிர்த்தி வைத்து, பெல்ட்டால் இறுக்கிக் கட்டுங்கள். ரெகுலேட்டர் மாட்டியதும் சவர்க்காரத் தண்ணீர் தடவினால் கசிகிற இடத்தில் குமிழி வரும். சிலிண்டர் பெட்டியின் அடியில் ஓர் ஓட்டை இருக்கும். காஸ் காற்றைவிடப் பாரம், கசிந்தால் அந்த வழியாகத்தான் வெளியே போகும், குளிர்காற்று வருகிறதென்று மாமி துணியை வைத்து அடைத்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.