ஒரு சாட்சி போதும், ஒரு வரி போதாது

சென்ற மாதம் சார்பு நீதிமன்றத்தில், என் வழக்கு அழைக்கப்படும்வரை கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். எனக்கு முன்னால் ஓர் உயில் வழக்கு. இளம் வழக்கறிஞர் ஒருவர் உயிலில் சாட்சிக் கையெழுத்துப் போட்ட பெரியவரைக் கூண்டில் ஏற்றினார். நிரூபண வாக்குமூலம், அதாவது சாட்சி சொல்ல வேண்டியதை எழுதித் தாக்கல் செய்வது, ஒன்றரைப் பக்கம். பெரியவர் அதில் இருப்பது தம் கையெழுத்துதான் என்றார். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் எழுந்து, "குறுக்கு விசாரணை இல்லை" என்று சொல்லிவிட்டு உட்கார்ந்தார். இளைஞர் முகத்தில் ஒரு வெளிச்சம். எனக்கு வயிற்றைக் கலக்கியது. அந்த வெளிச்சம் என் முகத்திலும் ஒரு காலத்தில் இருந்தது.

சர்வே எண் பிழை, தேதிப் பிழை, தகப்பனார் பெயரில் எழுத்துப் பிழை போன்றவற்றை நான் இங்கே எழுதப் போவதில்லை. அவற்றை உங்கள் குமாஸ்தாவே பிடித்துவிடுவார். உயில் வழக்குகளில் இளம் வழக்கறிஞர்கள் செய்யும், குமாஸ்தாவால் பிடிக்க முடியாத பிழைகளைச் சொல்கிறேன்.

சாட்சியை அழைத்து, சாட்சியத்தை விட்டுவிடுவது

1999-இல் நடந்தது. தந்தை தம் சுயசம்பாத்திய வீட்டை, கணவனை இழந்து தம்மோடு இருந்த மகளுக்கு உயில் எழுதிவைத்து இறந்தார். மகன்கள் இருவரும் பாகப்பிரிவினை கேட்டு வழக்குப் போட்டார்கள். நான் மகளுக்கு ஆஜரானேன். உயில் பதிவு செய்யப்பட்டது. சாட்சிகள் இருவர்: ஓய்வு பெற்ற ஆசிரியர், நெல் அரைவை மில் வைத்திருந்த ஒருவர். இருவரும் உயிரோடு இருந்தார்கள், ஒரே ஊரில்.

ஆசிரியரை மட்டும் அழைத்தேன். நன்றாகப் பேசுவார், ஊரில் மரியாதை உள்ளவர். அப்போதெல்லாம் முதல் விசாரணையைக் கூண்டில் நிறுத்தி வாய்மொழியாகத்தான் நடத்துவோம். "இது உங்கள் கையெழுத்தா?" "ஆம்." "இது உயில் எழுதியவர் கையெழுத்தா?" "ஆம், என் முன்னால்தான் போட்டார்." உட்கார்ந்துவிட்டேன். எதிரே இருந்த மூத்த வழக்கறிஞர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். குறுக்கு விசாரணை இல்லை என்றார். அவரிடம் கேட்பதற்கு ஒன்றுமில்லை என்று நினைத்துக்கொண்டு வெளியே வந்தேன். வழக்கும் எனக்குச் சாதகமாகவே முடிந்தது.

மேல்முறையீட்டில்தான் அந்தக் கண்ணாடித் துடைப்பின் பொருள் புரிந்தது. இந்திய வாரிசுரிமைச் சட்டம், 1925-இன் 63-ஆம் பிரிவு கேட்பது இரண்டு பேரின் சான்றொப்பம். ஒவ்வொரு சாட்சியும், உயில் எழுதியவர் கையெழுத்திடுவதைப் பார்த்திருக்க வேண்டும்; அல்லது 'இது என் கையெழுத்து' என்று அவரே சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு அவர் பார்க்கத் தாமும் கையெழுத்திட்டிருக்க வேண்டும். சாட்சியச் சட்டத்தின் 68-ஆம் பிரிவோ (அதற்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய சாக்ஷ்ய அதிநியத்தில் 67-ஆம் பிரிவு) குறைந்தது ஒரு சாட்சியையாவது விசாரித்தால் போதும் என்கிறது. இந்தப் 'போதும்' என்ற சொல்லில்தான் நாம் எல்லோரும் வழுக்கி விழுகிறோம். ஓர் ஆளை அழைத்தால் போதும். ஆனால் அந்த ஓர் ஆள் இருவரின் சான்றொப்பத்தையும் நிரூபிக்க வேண்டும். என் ஆசிரியர் தாம் கையெழுத்திட்டதைச் சொன்னார். உயில் எழுதியவர் பார்க்கத்தான் கையெழுத்திட்டாரா என்று நான் கேட்கவில்லை. மில்காரர் பார்த்தாரா, கையெழுத்திட்டாரா என்று ஒரு வார்த்தைகூடக் கேட்கவில்லை.

எதிரே இருந்தவர் கேட்டிருந்தால் ஆசிரியர் அதையும் சொல்லியிருப்பார். குறுக்கு விசாரணையில் வரும் பதிலும் சாட்சியம்தானே. என் ஓட்டையை அவரே அடைத்துக் கொடுத்ததாக ஆகியிருக்கும். அதனால்தான் அவர் கேட்கவில்லை. உயில் சாட்சியைக் குறுக்கு விசாரணை செய்யாமல் விட்டால், அது பயமாக இருக்கலாம், பெருந்தன்மையாக இருக்கலாம், ஓட்டையைப் பார்த்துவிட்ட மௌனமாகவும் இருக்கலாம். மூன்றாவதுதான் என்று வைத்துக்கொண்டு, சாட்சி கூண்டை விட்டு இறங்குவதற்குள் உங்கள் வாக்குமூலத்தை இன்னொரு முறை படியுங்கள்.

மேல்முறையீடு நிலுவையில் இருந்தபோது, 2002-இல் ஜான்கி நாராயண் போயிர் வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை ஐயத்துக்கு இடமில்லாமல் சொல்லிவிட்டது. அழைத்த சாட்சி மற்றவரின் சான்றொப்பத்தை நிரூபிக்கத் தவறினால், மற்றவரையும் அழைக்க வேண்டும். அவர் கைக்கு எட்டும் தூரத்தில் இருந்தும் அழைக்காமல் விட்டுவிட்டு, சாட்சி மறுத்தால் வேறு சாட்சியம் கொண்டுவரலாம் என்கிற சாட்சியச் சட்டத்தின் 71-ஆம் பிரிவில் ஒளிந்துகொள்ள முடியாது. நான் மில்காரரைத் தேடிப் போனேன். அவர் இறந்து ஒரு வருடத்துக்கு மேல் ஆகியிருந்தது. கூடுதல் சாட்சியத்துக்கு உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் 41-ஆம் கட்டளை, 27-ஆம் விதியின்கீழ் மனு போட்டு, ஆசிரியரையாவது மீண்டும் அழைக்கிறேன் என்று கேட்டேன். அப்போதே கேட்டிருக்கலாமே என்று நீதிபதி கேட்டார். என்னிடம் பதில் இல்லை. மனு தள்ளுபடியானது.

வீடு மூன்று பங்கானது. அந்தப் பெண் என் அலுவலகத்தில் உட்கார்ந்து கேட்ட ஒரே கேள்வி: "அப்பா எழுதியது பொய் என்று சொல்லிவிட்டார்களா, சார்?" இல்லையம்மா, உங்கள் வழக்கறிஞர் ஒரு கேள்வி கேட்க மறந்துவிட்டார் என்று சொல்லியிருக்க வேண்டும். சட்டம் அப்படி என்று ஏதோ முனகினேன். இன்றைக்கும் அதை நினைத்தால் எரிச்சல் வருகிறது, என் மேல்தான்.

இப்போது இதன் மறுபக்கம் ஒன்று கிளம்பியிருக்கிறது. விதியைத் தெரிந்துகொண்ட ஜூனியர்கள், எல்லா உயில் சாட்சிகளுக்கும் ஒரே பத்தியை நகலெடுத்து ஒட்டுகிறார்கள்: "உயில் எழுதியவரும் நானும் மற்ற சாட்சியும் ஒரே சமயத்தில், ஒருவர் பார்க்க ஒருவர் கையெழுத்திட்டோம்." அப்படி நடந்ததா என்று சாட்சியிடம் கேட்பதில்லை. ஒரு வழக்கில் குறுக்கு விசாரணையின்போது சாட்சி வெள்ளந்தியாகச் சொன்னார்: "நான் போனபோது அவர் ஏற்கெனவே கையெழுத்துப் போட்டிருந்தார். இது என் கையெழுத்துதான், நீயும் போடு என்றார். அவர் எதிரிலேயே போட்டேன். இன்னொரு சாட்சி காலையிலேயே போட்டுவிட்டுப் போய்விட்டதாகச் சொன்னார்கள்." அவர் வரையில் சட்டப்படி குறையே இல்லை. சாட்சிகள் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்று 63-ஆம் பிரிவு கேட்கவே இல்லை. காலையில் வந்த சாட்சியையும் அழைத்து, நடந்ததை நடந்தபடி எழுதியிருந்தால் உயில் நின்றிருக்கும். ஒட்டிய பத்தி சாட்சியைப் பொய்யராக்கிவிட்டது.

சாட்சியை வாக்குமூலத்துக்கு முன்பே கூப்பிட்டு உட்காரவையுங்கள். யார் எங்கே உட்கார்ந்திருந்தார்கள், பேனா யாருடையது, முதலில் போட்டது யார் என்று கேளுங்கள். உயிலில் என்ன எழுதியிருந்தது என்று எதிர்த்தரப்பு கேட்டால், தெரியாது என்று தைரியமாகச் சொல்லலாம் என்பதையும் சொல்லிவையுங்கள். சான்றொப்பச் சாட்சிக்கு உள்ளடக்கம் தெரிந்திருக்க வேண்டியதில்லை. இது தெரியாமல் வியர்த்து, தெரியும் என்று சொல்லி, அடுத்த கேள்வியில் மாட்டிக்கொள்ளும் சாட்சிகள் ஏராளம். சாட்சிக்கு வயதாகிவிட்டதா? வழக்கு விசாரணைக்கு வரட்டும் என்று காத்திருக்காதீர்கள். அவரை முன்கூட்டியே விசாரிக்க 18-ஆம் கட்டளை, 16-ஆம் விதி இருக்கிறது. நடக்க முடியாதவர் என்றால் வழக்கறிஞர் ஆணையரே வீட்டுக்குப் போவார்.

"பதிவு செய்த உயில்தானே, சார்"

உயிலுக்குப் பதிவு கட்டாயமில்லை. பதிவு செய்தால் நல்லதுதான், ஆனால் அது நிரூபணத்துக்கு விடுமுறை தராது. பதிவான மற்ற ஆவணங்களுக்கு, எதிரி குறிப்பாக மறுக்காவிட்டால் சாட்சியை அழைக்க வேண்டியதில்லை என்று சட்டம் சலுகை தருகிறது. அதே வரியில் உயிலை விலக்கியும் வைக்கிறது. அந்த விலக்கைப் படிக்காமல் வருபவர்களை மாதம் ஒருவராவது பார்க்கிறேன்.

இன்னொன்று. ஆவணத்தின் பின்பக்கத்தில் சார் பதிவாளர் முன்பு கையெழுத்திடுபவர்கள் ஆளை அடையாளம் காட்டும் சாட்சிகள். உயில் எழுதியவரை எனக்குத் தெரியும் என்று சொல்ல வந்தவர்களை, உயிலுக்குச் சான்றொப்பமிட்டவர்கள் என்று நினைத்துக் கூண்டில் ஏற்றாதீர்கள். பத்திர எழுத்தரும் அப்படித்தான். 'எழுதியவர்' என்று போட்ட கையெழுத்து, தானாகச் சாட்சிக் கையெழுத்து ஆகிவிடாது.

முப்பது வருடப் பழைய உயில்

பழையது என்பதாலேயே மெய்யாகிவிடாது. முப்பது ஆண்டு கடந்த ஆவணங்களுக்கான அனுமானம் உயிலுக்குப் பொருந்தாது என்று உச்ச நீதிமன்றம் 2023-இலும் சொல்லியிருக்கிறது. சாட்சிகள் இருவரும் இறந்துவிட்டார்களா? அப்போது பாதை வேறு: குறைந்தது ஒரு சாட்சியின் கையெழுத்தையும், உயில் எழுதியவரின் கையெழுத்தையும் தெரிந்த ஆளைத் தேடுங்கள்.

சந்தேகத்தை எதிரி கிளப்பட்டும் என்று காத்திருப்பது

உயிலை முன்வைப்பவரே சந்தேகங்களைக் களைய வேண்டும் என்பது எச். வெங்கடாசல ஐயங்கார் வழக்குத் தீர்ப்பிலிருந்து நமக்குப் பால பாடம். ஏஐஆர் (ஆல் இந்தியா ரிப்போர்ட்டர்) தீர்ப்புத் தொகுப்பு, 1959, உச்ச நீதிமன்றம், பக்கம் 443. எல்லோரும் மேற்கோள் காட்டுகிறோம். காட்டிவிட்டு, நம் வழக்குரையில் சந்தேகத்தைப் பற்றி மூச்சு விடுவதில்லை.

என் கட்சிக்காரர் ஒருவர், தகப்பனார் உயில் எழுதியதே தமக்கு அவர் இறந்த பிறகுதான் தெரியும் என்று சத்தியம் செய்தார். நானும் அப்படியே எழுதினேன். எதிர்த்தரப்பு அசலைத் திருப்பிக் காட்டியது. பின்பக்கம், அடையாளம் காட்டிய சாட்சிகளில் ஒருவர் என் கட்சிக்காரரின் மைத்துனர். அதுவரை நான் அந்தப் பக்கத்தைத் திருப்பவே இல்லை. அப்பாவைக் காரில் பதிவு அலுவலகத்துக்கு அழைத்துப் போனதே இவர்தான். ஏன் மறைத்தீர்கள் என்றால், "சொன்னால் தப்பாகிவிடும் என்று நினைத்தேன், சார்."

சொல்லியிருந்தால் தப்பே இல்லை. கூட இருந்த மகன் தகப்பனைக் காரில் அழைத்துப் போகாமல் வேறு யார் அழைத்துப் போவார்கள்? மற்ற பிள்ளைகளுக்கு ஒன்றும் எழுதவில்லை என்பதும் அதனாலேயே சந்தேகமாகிவிடாது. இயல்பான பங்கீட்டை மாற்றத்தானே ஒருவர் உயில் எழுதுகிறார்! மறைத்ததுதான் சந்தேகம். கடைசிப் பக்கத்தில் கையெழுத்து நடுங்கியிருக்கிறதா, அந்த வாரத்து மருத்துவச் சீட்டை நீங்களே முதலில் தாக்கல் செய்யுங்கள்.

எல்லோருக்கும் ஒரே சட்டம் என்று நினைப்பது

கிறிஸ்தவர் எழுதிய உயிலில், சாட்சிக் கையெழுத்துப் போட்டவருக்கோ அவருடைய மனைவிக்கோ கணவருக்கோ கொடுத்த சொத்து அவர்களுக்குப் போய்ச் சேராது. உயில் நிற்கும், அந்தக் கொடை மட்டும் விழும். உயிலுக்குப் பிறகு அவர் திருமணம் செய்துகொண்டால் உயிலே ரத்தாகிவிடும். இந்துவின் உயிலுக்கு இந்த இரண்டும் கிடையாது. முஸ்லிமின் உயிலுக்கு 63-ஆம் பிரிவே பொருந்தாது. ஆனால் மற்ற வாரிசுகள் சம்மதிக்காதவரை மூன்றில் ஒரு பங்குக்கு மேல் செல்லாது. கட்சிக்காரர் உட்கார்ந்ததும் கேட்க வேண்டிய முதல் கேள்வியைக் கூச்சத்தால் கடைசிக்குத் தள்ளாதீர்கள்.

வங்கி நாமினியை வாரிசு என்று எழுதுவது

இல்லை. அவர் பணத்தை வாங்கி வைத்திருப்பவர், அவ்வளவுதான்.

அசல் உயிலை லேமினேட் செய்வது

பத்திரமாக இருக்கட்டும் என்று செய்கிறார்கள். மை காகிதத்தில் எப்படி இறங்கியிருக்கிறது, பேனா எங்கே அழுந்தியிருக்கிறது, எங்கே தயங்கியிருக்கிறது என்று பார்க்க வேண்டிய கையெழுத்து நிபுணருக்கு, அதன்பின் பிளாஸ்டிக்கின் பளபளப்புதான் கிடைக்கும். கட்சிக்காரர் உயிலோடு முதல் முறை வரும்போதே ஒரு காகித உறையில் போட்டு, உங்கள் பீரோவில் வைத்துப் பூட்டுங்கள். வைப்பதற்கு முன் பின்பக்கத்தைத் திருப்பிப் பாருங்கள்.